கெளிற்று மீன் களிம்பு

வெள்ளவத்தை,
12.05.1996

அன்புள்ள தம்பி இரத்தினசிங்கத்துக்கு,

அம்மாவும் நானும் இருக்கிறோம். குவைத்தில் நீ நலமாய்த்தான் இருப்பாய். அங்கே வாசலில் ஜீப் நின்றால் எவனும் அடையாள அட்டையைத் தேடி ஓடுவதில்லை. இதை எழுதும்போதும் இரண்டு தரம் எழும்பி யன்னலால் பார்த்துவிட்டேன்.

யாழ்ப்பாணத்தை விட்டு ஊரோடு வெளிக்கிட்ட அன்று நாவற்குழிப் பாலத்து நெரிசலில் செருப்பைத் தொலைத்து வெறுங்காலோடு நடந்தாரே அம்மா, அந்தக் காயம் கொழும்புக்கு வந்தும் ஆறவில்லை. நீரிழிவு விடுமா? பாதத்தை எடுக்கவேண்டி வரும் என்று டொக்டர் சொன்னதும் உனக்கு அறிவித்தேன். நீ வரவில்லை. களிம்பு வந்தது.

கெளிற்று மீனின் தோல் வழுவழுப்பில் எடுத்தது, உன் ஆய்வுகூடத்தில் புண்களுக்குப் போட்டுப் பார்க்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். மீன், மச்சம் சமைத்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காத மனுசிக்கு! டொக்டரிடம் காட்டினேன். போட்டுப் பாருங்கள், புண் கறுத்தால் உடனே கொண்டு வாருங்கள் என்றார். மூலிகை என்று சொல்லிக் கட்டினேன். பொய் எனக்கு, புண்ணியம் உனக்கு, எப்போதும் போல.

நாற்றத்துக்குப் பக்கத்து வீட்டு ஒஸ்வால்டைத்தான் அம்மா ஏசினார். “மாசக் கடைசி, ஆச்சி. எங்கட சட்டியில வெறும் பருப்புத்தான்” என்று அவர் சிரிக்க, அம்மா என் முகத்தைப் பார்த்தார். சொல்லிவிட்டேன்.

போத்தலை எறிவார் என்றிருந்தேன். எறியவில்லை. “இனி நான் சாமியறைக்குள்ள வரேல்ல. விளக்கை நீ வை” என்றார். கோயில் வாசலை மறந்துபோன நான் தினமும் குளித்துத் திரி போடுகிறேன். அவர் வெளியே கதிரையில் இருந்து, “திருநீறை நிலத்தில சிந்தாதை” என்று அதட்டுகிறார். சாமியை விட்டுக் காலைப் பிடித்துக்கொண்டது ஏன் என்று கேட்டேன்.

“சின்னவன் வரேக்க எழும்பி நிக்க வேணுமெல்லே.”

சீழ் துடைக்கிறவன் பெரியவன்.

புண்ணின் ஓரம் சிவந்து சதை வைக்கத் தொடங்கியிருக்கிறது. கால் தப்பலாம் என்கிறார் டொக்டர். களிம்பு முடியப்போகிறது. அடுத்த போத்தலைத் தபாலில் போடாதே, கொண்டு வா. கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு நானே வருவேன். வழியில் நீ என்னோடு கதைக்கத் தேவையில்லை. வந்து வாசலில் நில். மற்றதை அம்மா பார்த்துக்கொள்வார்.

வெயிலில் அலையாதே, நேரத்துக்குச் சாப்பிடு. அம்மாவின் ஆசீர்வாதம். என்னுடையதையும் சேர்த்துக்கொள்.

அண்ணன்,
நாகமணி