கயிற்றின் மறுமுனை

மார்ச் 3

ஸ்பானருக்கு,

நலமா என்று கேட்கிற மனநிலையில் நான் இல்லை. சுற்றுலாக் கம்பெனியிலிருந்து இன்று உறுதிக் கடிதம் வந்தது. என் பெயருக்கு நேரே ‘வீல்சேர் பயணி’, உன் பெயருக்கு நேரே ‘துணைக்கு இருப்பவர்’. மலைக் கல்லறையின் முந்நூற்றுப் பன்னிரண்டு படிகளும் நம் இருவருக்கும் கிடையாதாம். மற்றவர்கள் ஏறி இறங்கும்வரை கீழே கூடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டுமாம்.

விண்ணப்பத்தை நிரப்பியது நீ. என் கால் எப்போதடா போனது?

இருபத்தெட்டு வருடமாக ஏழாம் வகுப்பு வரலாற்றில், நாம் போகப்போகும் அந்த நாட்டின் பாடத்தை நடத்துகிறேன். புத்தகத்தில் இருப்பது ஒரே படம். கல்லறைச் சுவரில் ஒரு பெண் கயிற்றைப் பிடித்து இழுக்கிறாள். மறுமுனை வருவதற்குள் பக்கம் முடிந்துவிடுகிறது. வருடா வருடம் ஏதாவது ஒரு பிள்ளை எழுந்து, “டீச்சர், அந்தப் பக்கம் என்ன இருக்கு?” என்று கேட்கும். “போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்” என்பேன். முதலில் கேட்டவனுக்கு இப்போது தலை நரைத்திருக்கும்.

தினமும் மூன்று மாடி ஏறி வகுப்பெடுக்கிறவள் நான். முட்டி வலி என்று போன வருடம் ஒரு நாள் சொன்னது குற்றமா? பதில் எழுது. போனில் கூப்பிடாதே, கத்திவிடுவேன்.

அக்கா

மார்ச் 9

அக்காவுக்கு,

கோபித்துக்கொள்ளாதே. எல்லாம் லிஃப்ட் மெக்கானிக் புத்தி. பத்துப் பேர் தாங்கும் கூண்டில் எட்டுப் பேர் என்றுதான் பலகை மாட்டுவோம். உன் முட்டிக்கும் ஒரு பலகை மாட்டிவிட்டேன். கீழே கூடத்திலும் பழைய பானை, சிலை எல்லாம் வைத்திருக்கிறார்களாம். நிம்மதியாக உட்கார்ந்து பார்க்கலாமே.

உன் ஸ்பானர்

மார்ச் 13

தம்பிக்கு,

பானை பார்க்கவா பதினோரு வருடம் திட்டம் போட்டோம்? உன் பலகையை உன்னோடு வைத்துக்கொள். இருவரும் ஏறுவோம் என்று கம்பெனிக்கு எழுதிவிட்டேன். ஆளுக்கொரு டாக்டர் சான்றிதழ் கேட்கிறார்கள். என்னுடையது தயார். இருபதாம் தேதிக்குள் உன்னுடையது வரவேண்டும். சாக்குப்போக்கு வேண்டாம்.

அக்கா

மார்ச் 18

அக்கா,

சான்றிதழ் கிடைக்காது. டாக்டர் தரமாட்டார்.

லிஃப்ட் நின்றுபோன கட்டடத்தில் உச்சி மாடி மோட்டார் அறைக்கு மெக்கானிக் நடந்துதான் ஏற வேண்டும். நவம்பரில் ஆறாவது மாடியில் உட்கார்ந்துவிட்டேன். அந்த மாடியில் இருந்த வீட்டுக்காரர்தான் தண்ணீர் கொடுத்தார். இதயத்தில் கோளாறாம். அன்றிலிருந்து உதிரிபாகக் கவுண்டரில் இருக்கிறேன். உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. உனக்கு வீல்சேர் என்று போட்டால், அக்காவைப் பார்த்துக்கொள்ளக் கீழே இருந்தேன் என்று ஊரில் சொல்லிக்கொள்ளலாம் என நினைத்தேன். தப்புதான்.

என் பெயரை எடுத்துவிடு. நீ போய்வா.

ஸ்பானர்

மார்ச் 22

அடேய்,

நான்கு மாதம். வாரா வாரம் போனில், “ஃபீல்டுல இருக்கேன்க்கா, அப்புறம் பேசறேன்” என்றாயே, அது கவுண்டரிலிருந்தா? உன் மானத்துக்கு என் காலா கிடைத்தது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவனை இன்றுதான் பார்க்கிறேன். உன் கடிதத்தைப் படித்துவிட்டு வகுப்பில் காரணமே இல்லாமல் இரண்டு பிள்ளைகளைத் திட்டிவிட்டேன். அப்புறம் ஓய்வறையில் போய் அழுதேன். அதையும் உன் கணக்கில் எழுதிக்கொள்.

உன் பெயரை எடுக்கமாட்டேன். நீ இல்லாமல் போவதென்றால் பத்து வருடம் முன்பே போயிருப்பேன். கம்பெனிக்காரியோடு அரை மணி நேரம் சண்டை போட்டேன். புது விண்ணப்பம் போய்விட்டது. வீல்சேர் உனக்கு. தள்ளுவது நான். நான் படி ஏறி இறங்கும்வரை உன் பக்கத்தில் அவர்களுடைய ஆள் ஒருவர் இருப்பார். பயணம் போகலாமா என்று உன் டாக்டரிடம் நாளையே கேள். வேண்டாம் என்றால் தள்ளிப்போடுவோம். நாலாயிரம் வருடம் காத்திருந்த சுவர் இன்னும் ஒரு வருடம் நிற்காதா?

கயிற்றின் மறுமுனையில் என்ன இருக்கிறது என்று இறங்கி வந்து உன்னிடம்தான் முதலில் சொல்வேன். பிள்ளைகளுக்குக்கூட அப்புறம்தான். அதுவரை உன்னோடு பேச்சில்லை. டாக்டர் சொன்னதை மட்டும் எழுது.

அக்கா