அறுபதுக்கு ஐம்பத்தெட்டு

தஞ்சாவூர்
23.2.2026

பாசமுள்ள அத்தாவுக்கு, தஹ்மீனாவின் ஸலாம்.

நோன்பு எப்படிப் போகிறது? உங்கள் பேத்தி இர்ஃபானாவுக்குக் கீழ்வரிசையில் இரண்டு பல் முளைத்திருக்கிறது. கையில் கிடைப்பதையெல்லாம் கடிக்கிறாள். போனில் பேசினால் மூக்கடைத்த குரலில் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறீர்கள். பதினெட்டு வருஷம் சவுதியிலிருந்து கடிதத்திலேயே குடும்பம் நடத்தியவர் நீங்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

சைனஸ் டாக்டர் சொன்ன ஆப்பை உங்கள் பெயரில் என் போனில் போட்டிருக்கிறேன். காலையும் மாலையும் உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவினால் கட்டம் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. அடைப்பு, தலைவலி எவ்வளவு என்று எண்ணும் போட வேண்டும். டாக்டர் தன் அறையிலிருந்தே பார்ப்பார். நோன்பு தொடங்கியதிலிருந்து உங்களுக்கு எல்லாம் சிவப்பு. இன்னும் ஒரு வாரம் இப்படியே போனால் டாக்டர் பார்க்கிறவர்களின் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்களாம். கைக்குழந்தையோடு எத்தனை தடவை அலைந்து வாங்கிய இடம்! விடியுமுன் சஹர் நேரத்திலும் மாலை நோன்பு திறந்த பிறகும் கழுவலாமே அத்தா? எனக்காக.

உங்கள் மகள்
தஹ்மீனா


முத்துப்பேட்டை
28.2.2026

அருமை மகளுக்கு அத்தாவின் ஸலாமும் துஆவும்.

சஹரில் இரண்டு நாள் கழுவிப் பார்த்தேன். பத்து மணிக்குக் கடையில் தவிட்டு மூட்டையை நகர்த்தக் குனிந்தால், எங்கேயோ தங்கியிருந்த தண்ணீர் தொண்டைக்குள் இறங்குகிறது. நோன்பு என்னாவது? இரவு தராவீஹ் தொழுதுவிட்டு வந்தால் உடம்பு பாயைத்தான் தேடுகிறது. அம்மாவுக்கு ஒரே சிரிப்பு. "ஒங்க மவளுக்குப் போனக் குடுத்தா, குளிக்கிறதுக்கும் மணியடிப்பா" என்கிறாள்.

பெருநாள் கழித்துத் தவறாமல் கழுவுகிறேன். இந்த மாதம் கழுவவில்லை என்று டாக்டரிடம் சொல்லிவிடு. மறந்துவிடாதே.

ஜெகபர் அலி


தஞ்சாவூர்
9.5.2026

அத்தா,

இதை மார்ச்சிலேயே எழுதியிருக்க வேண்டும்.

உங்கள் கடிதம் வந்த அன்றே டாக்டருக்குச் சொல்லத்தான் போனை எடுத்தேன். சொன்னால் பெயரை எடுத்துவிடுவார்களோ என்று பயம். ஒரே ஒரு கட்டத்தைப் பச்சையாக்கினேன். மனசு அடங்கியது. பிறகு தினமும் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே ஒற்றைக் கையால் அழுத்தினேன். பழைய சிவப்பையும் மாற்றினேன். மாதத்துக்கு அறுபது கழுவலில் இரண்டை மட்டும் சிவப்பாக விட்டுவைத்தேன். நம்புகிற மாதிரி இருக்க வேண்டுமே! அடைப்புக்கும் தலைவலிக்கும் மட்டும் அம்மா போனில் சொன்ன உண்மையான எண்களைப் போட்டேன். அவை ஏறிக்கொண்டே போயின.

பெருநாளுக்கு மூன்றாம் நாள் டாக்டர் திரையை நம் பக்கம் திருப்பி, "அறுபதுக்கு ஐம்பத்தெட்டு! கழுவுறதுல ஒங்கள அடிச்சுக்க ஆளில்ல பாய். இவ்வளவு ஒழுங்கா கழுவியும் குறையலன்னா ஆபரேஷன்தான் வழி" என்றார். நீங்கள் "ஆமாங்க" என்றீர்கள். அவர் சொன்னது உங்களுக்குச் சரியாக விளங்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள் ரத்தம் நிற்காமல், மறுபடி உள்ளே அழைத்துப்போய் மூக்கில் பஞ்சை அடைத்தார்களே, அப்போது நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டீர்கள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். "ஒண்ணுமில்ல அத்தா, ஒண்ணுமில்ல" என்றுதான் சொன்னேன்.

நான் உங்களைக் கழுவாமலே கழுவ வைத்து, கத்திக்குக் கொடுத்துவிட்டேன். டாக்டரிடமும் நானே போய்ச் சொல்கிறேன். திட்டியாவது நாலு வரி எழுதுங்கள்.

தஹ்மீனா


முத்துப்பேட்டை
16.5.2026

மகள் தஹ்மீனாவுக்கு,

கடிதம் கிடைத்தது. ரத்தம் நின்று வெகு நாளாகிறது, கவலைப்படாதே. கடை திறந்துவிட்டேன். மூக்குக்கு மணம்தான் இன்னும் தெரியவில்லை.

டாக்டர் சொன்னது எனக்கு நன்றாக விளங்கியது. கழுவாதவனுக்குத் தெரியாதா? நீ சொல்வாய் என்று காத்திருந்தேன். நீ பிள்ளையின் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தாய். வெளி மனிதர் முன்னால் நீ பொய்க்காரியாக நிற்பதைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. அதனால் ஆமாங்க என்றேன். வீட்டுக்கு வந்து சொல்வாய் என்று நினைத்தேன். படுக்கையில் கிடக்கும்போது சொல்வாய் என்று நினைத்தேன்.

நீ டாக்டரிடம் போக வேண்டாம். செவ்வாய்க்கிழமை நான் தனியாகப் பஸ்ஸில் போய் வந்தேன். நோன்பில் கழுவவில்லை, கழுவியதாக அழுத்தியவன் நான்தான் என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. தெரிந்திருந்தால் இன்னும் மூன்று மாதம் கழுவிப் பார்த்திருக்கலாமே பாய் என்றார். அவ்வளவுதான். இதை நீ யாரிடமும் மாற்றிச் சொல்லாதே.

அங்கேயே இருந்த பெண் ஆப்பை என் போனுக்கு மாற்றிக் கொடுத்தாள். நேற்று காலை கழுவினேன், பச்சை. மாலை சரக்கு வந்தது, முடியவில்லை, சிவப்பு. அப்படியே போட்டுவிட்டேன். உன் போனில் இனி என் பெயர் வராது. தேடிக்கொண்டிருக்காதே.

பக்ரீதுக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வா. எல்லாரும் எதிர்பார்க்கிறோம். வந்தால் என் மூக்கைப் பற்றி மட்டும் கேட்காதே.

அத்தா