பளபளக்கிற பக்கம் ஒழுகுகிறது

ஜூன் 3, செவ்வாய்

என் பைக்கின் முன் ஃபோர்க், அதாவது முன் சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாய், மறுபடி ஒழுகுகிறது. வலது பக்கம். ஆதாரம்: என் ஆள்காட்டி விரல். பளபளப்பான குழாய் உள்ளே போய் வருகிற இடத்தில், ரப்பர் சீலுக்கு மேலே ஒரு எண்ணெய் வளையம். துடைத்துவிட்டு ஆபீஸ் போய்த் திரும்பினேன். மறுபடி வளையம். அங்கிருந்து வழிந்து பிரேக் டிஸ்க்கின் ஓரம் வரை இறங்கியிருக்கிறது.

சீல் மாற்றி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அதற்கு முன்பும் மாற்றியதுதான். மாற்றியவன் என் கொழுந்தன், சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறவன். இங்கே அவனை நிபுணர் என்றே எழுதப்போகிறேன். அவன் தன்னைப் பற்றி வைத்திருக்கும் அபிப்பிராயத்தை ஒரு இடத்திலாவது மதிக்க வேண்டாமா?

இருபத்திரண்டாம் தேதி இந்த வண்டி மகளுக்குப் போகிறது. மலைக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியில் அவளுக்கு லேப் வேலை. ஏறுவது பற்றி எனக்குக் கவலை இல்லை. இறங்க வேண்டும். இறக்கத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்துவது முன் பிரேக்.

ஜூன் 5, வியாழன்

நிபுணரிடம் போனேன். அவன் வண்டியைப் பார்ப்பதற்கு முன்பே பதில் வந்துவிட்டது.

"அண்ணி, நீங்க பள்ளம் மேடு பார்க்காம விடுறீங்க. சீல் என்ன பண்ணும், பாவம்?"

"பள்ளத்துல ரெண்டு பக்கமும்தானே விழுது? ஏன் வலது பக்கம் மட்டும் ஒழுகுது?"

"வலது பக்கம்தான் அண்ணி வெயிட்டு."

வெயிட்டு. அமைச்சர்களிடம் கேட்டு எழுதியே காலம் ஓட்டியவள் நான். இந்த ரகம் எனக்கு அத்துப்படி. கேள்விக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, பதில் மாதிரி முகம் காட்டும் ரகம்.

கழற்றிய சீலை வாங்கிப் பார்த்தேன். உள் உதடு பிய்ந்திருந்தது. இது ஏன் இப்படி என்று கேட்டதற்கு, "மால் சரியில்ல அண்ணி, இப்ப ஒரிஜினல் போடுறேன்" என்றபடி குழாயின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடினான். அவசரமாக மூடினான். தூசி படாமல் இருக்க என்று வைத்துக்கொள்கிறேன்.

டிஸ்க்கைப் பெட்ரோலில் துடைத்தான். பிரேக் பேட்டைத் தொடவில்லை. எண்ணெய் குடித்த பேட் பிடிக்குமா என்று கேட்டேன்.

"நீங்க பேப்பர்ல எழுதுறதை நான் என்னைக்காவது திருத்தினேனா அண்ணி?"

"திருத்தணும்னா முதல்ல படிக்கணும்."

சிரித்தான். அவனுக்கு எல்லாமே சிரிப்புத்தான்.

ஜூன் 8, ஞாயிறு

பாத்திரம் துலக்கும் கம்பி நார் மறுபடி காணோம். இந்த வீட்டில் வேறு யாரும் தொடாத பொருள் அது ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன்.

ஜூன் 11, புதன்

சிக்னலில் எனக்கு முன்னால் ஒரு வேன். பிரேக் பிடித்தேன். கைதான் பிடித்தது, வண்டி பிடிக்கவில்லை. மெதுவாக வந்ததால் முட்டியதோடு போயிற்று. வேன்காரர் இறங்கி வந்தார்.

"கண்ணை வீட்டுல வச்சிட்டு வந்துட்டீங்களா?"

கண் இருக்கிறது, பிரேக்தான் இல்லை என்றேன்.

"அப்புறம் எதுக்கு ரோட்டுக்கு வர்றீங்க?"

இந்த மாதத்தில் என்னிடம் ஒருவர் கேட்ட முதல் உருப்படியான கேள்வி.

ஓரம் கட்டிப் பார்த்தேன். எண்ணெய். ஒரிஜினல் சீல் ஒரு வாரத்தைக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து மகளிடம் பஸ்ஸில் போகச் சொன்னேன்.

"அங்கேர்ந்து ஒரே பஸ்மா. என் ஷிஃப்ட் முடியறதுக்குள்ள கிளம்பிடும். நீ வண்டி தர்றேன்னு சொன்னதாலதானே வேலைக்கே ஒத்துக்கிட்டேன்?"

"பிரேக் சரியில்லடி."

"சித்தப்பா சரி பண்ணிட்டேன்னாரே?"

சித்தப்பா சொன்னார். சித்தப்பா ஒரு ஆதாரமா? என் வீட்டுக்காரர் இவரைக் கேட்டால், "தம்பி சொன்னா சரியாத்தான் இருக்கும்." இந்த வீட்டில் ஒரு வாய் சொன்னதை மற்ற வாய்களும் சொல்லும். அதை இரண்டாவது ஆதாரம் என்று எந்தப் பத்திரிகை டெஸ்க்கிலும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். இங்கே அதை வைத்து ஒரு பெண்ணை மலையிலிருந்து இறக்கிவிடுவார்கள்.

ஜூன் 15, ஞாயிறு

ஏன் வலது பக்கம் மட்டும்? இதைத்தான் எல்லாரிடமும் கேட்டேன். வண்டியிடம் கேட்கவில்லை.

காலையில் காபியோடு வெளியே வந்தேன். பக்கச் சந்தில் இவர் குட்டி ஸ்டூலில் உட்கார்ந்து வண்டி கழுவிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைச் சடங்கு. சந்து குறுகல். வண்டியின் இடது பக்கம் சுவரோடு ஒட்டி நிற்கும், அந்தப் பக்கம் கை போகாது. அதனால் வலது பக்கத்துக்கு மட்டும் குளியல். வாளி, சோப்பு. கையில் — என் கம்பி நார்.

ஃபோர்க் குழாயில் வைத்து மேலும் கீழும் தேய்த்துக்கொண்டிருந்தார். ஆசையாக, ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு.

"என்ன பண்றீங்க?"

"துருப் புள்ளி வருது. அதான் எடுத்து விடறேன். பாரு, கண்ணாடி மாதிரி இருக்கு!"

நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தேன். தடுக்கியது. வெயிலுக்குத் திருப்பிப் பார்த்தால் நெடுக மயிரிழைக் கீறல்கள். ஒவ்வொரு குலுக்கலுக்கும் சீலின் உதடு இந்த அரத்தின் மேல்தான் ஏறி இறங்குகிறது. கீறல் ஒவ்வொன்றும் எண்ணெய்க்கு ஒரு வாய்க்கால். வண்டியை இழுத்து இடது குழாயைப் பார்த்தேன். மங்கல், தூசி, ஒரு செத்த பூச்சி. ஒரு சொட்டு எண்ணெய் இல்லை.

அழுக்கான பக்கம் நன்றாக இருக்கிறது. பளபளக்கிற பக்கம் ஒழுகுகிறது.

இந்த மனிதர் இத்தனை வருடத்தில் ஒரு டம்ளர் கழுவியதில்லை. சமையலறையில் கம்பி நார் எங்கே இருக்கிறது என்று இவருக்குத் தெரியும் என்பதே எனக்குப் புதுச் செய்தி.

முதலில் நிபுணரை விசாரிக்க வேண்டும். அவன் குழாயை மூடிய அந்தத் துணி ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

ஜூன் 16, திங்கள்

"குழாய்ல கீறல் இருக்கிறது உனக்கு எப்போலேர்ந்து தெரியும்?"

ஸ்பேனரைத் துடைத்தான். துடைத்த ஸ்பேனரையே திரும்பவும் துடைத்தான்.

"முதல் தடவை கழட்டினப்பவே, அண்ணி."

"சொல்றதுக்கு என்ன?"

"அண்ணன்கிட்ட எப்படி அண்ணி சொல்றது? ஆசையா துடைக்கிறாரு. போன மாசம் இங்க வந்து, 'பார்றா, எப்படி வச்சிருக்கேன்'னு காட்டினாரு. நான் போய் நீங்கதாண்ணே கெடுத்தீங்கன்னு சொல்ல முடியுமா?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"உங்ககிட்ட சொன்னா அண்ணன்கிட்ட சொன்ன மாதிரிதான். அதைவிட மோசம்."

"அதனால நான் பள்ளத்துல விடுறேன்னு சொன்ன."

"நீங்க கோச்சுக்க மாட்டீங்கன்னு..."

"டேய், என் பொண்ணு அந்த வண்டியில மலை இறங்கப் போறாடா! உன் அண்ணன் பொண்ணு!"

"அதான் அண்ணி, சீல் நல்ல சீலா போட்டேன்."

திரும்பும் வழியெல்லாம் கொதித்தது. மரியாதை! அண்ணன் முகம் சுருங்கிவிடக் கூடாது. அதற்காக ஒவ்வொரு தடவையும் புது சீல், ஒவ்வொரு தடவையும் ஒரு பொய், கடைசியில் பழி என் தலையில். இதில் அவனுக்கு ஒரு பைசா லாபம் இல்லை, கைக்காசுதான் போகிறது. அயோக்கியனாக இருந்தால் மன்னித்திருப்பேன், அயோக்கியனுக்காவது ஒரு கணக்கு இருக்கும். பாசத்தில் பிரேக்கைப் பிடுங்குகிறவனை என்ன செய்வது? இந்த வீட்டு ஆம்பிளைகள் உயிரை விட்டாலும் விடுவார்கள், முகத்தை விட மாட்டார்கள்.

ஜூன் 17, செவ்வாய்

இவரிடம் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை.

"நான் துடைக்கத்தானே செஞ்சேன்?"

"துணியால துடைக்கணும். அது குழாய். சட்டி இல்ல."

"தம்பி ஒண்ணும் சொல்லலையே."

"சொல்ல மாட்டான். நீங்க அண்ணன்."

எழுந்து சந்துக்குப் போனார். ஜன்னலிலிருந்து பார்த்தேன். குழாயில் நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தார். திரும்பி வந்து, "அவ இறங்கறப்போ..." என்றார்.

ஜூன் 20, வெள்ளி

வலது பக்கத்துக்குப் புதுக் குழாய். இரண்டு பக்கமும் புது சீல், இரண்டு பக்கமும் ஒரே அளவு எண்ணெய். பிரேக் பேட் புதுசு. எல்லாம் என் கண் முன்னால். நடுவில் நிபுணர் என்னை டீக்கடைக்கு அனுப்பப் பார்த்தான். டீயை வைத்து என்னை நகர்த்தப் பெரிய பெரிய ஆட்களெல்லாம் முயன்றிருக்கிறார்கள்.

இவரும் வந்திருந்தார். அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இரண்டு பேருமாகச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசி போல்ட்டை முறுக்கும்போது இவர் வாயைத் திறந்தார்.

"இனிமே நான் எதையாவது கெடுத்தா சொல்லிடுடா."

"சரிண்ணே. நீங்க கத்தக் கூடாது."

"நான் எப்போடா கத்தினேன்?"

கத்தினார்.

இந்த நாலு வாக்கியத்துக்கு எத்தனை சீல் செலவாகியிருக்கிறது!

ஜூன் 21, சனி

நேற்று ராத்திரி முன் சக்கரத்துக்கு அடியில் எங்கள் பத்திரிகையை விரித்து வைத்திருந்தேன், தலையங்கப் பக்கம். காலையில் பார்த்தேன். ஈரம் இல்லை. தலையங்கமும் வழக்கம்போல வறட்சி.

பிரேக்கைப் பிடித்துக்கொண்டு முன்பக்கத்தை அமுக்கி அமுக்கி எடுத்தேன். குழாயை வெள்ளைத் துணியால் சுற்றித் துடைத்தேன். துணி வெள்ளையாகவே வந்தது. மேம்பாலத்து இறக்கத்தில் வேகமாக இறங்கி, பிடித்தேன். நின்றது. இரண்டு ஆதாரம் கேட்பேன், மூன்று கிடைத்திருக்கிறது.

"திருப்தியா?" என்றாள் மகள்.

"நாளைக்குப் பதினொரு மணிக்கு மலை இறங்கி நீ போன் பண்ணினப்புறம் கேளு."

ஜூன் 22, ஞாயிறு

மகள் கிளம்பிவிட்டாள். ஆதாரம்: காலியான சந்து. சுவரில் இடது ஹேண்டில் உரசி உரசி விழுந்த கறுப்புக் கோடு மட்டும் இருக்கிறது. கிளம்பும்போது இவர் அவளிடம் ஒரு மெத்தென்ற மஞ்சள் துணியை மடித்துக் கொடுத்தார். "இதால மட்டும் துடை. அழுத்தாதே." நிபுணர் போனில் அழைத்து, "அண்ணி, தினமும் குழாயில வளையம் வருதான்னு பார்க்கச் சொல்லுங்க. வந்தா என்கிட்ட..." என்று நிறுத்தி, "உங்ககிட்டயே சொல்லச் சொல்லுங்க" என்றான். முன்னேற்றம்தான்.

ஞாயிறு. கழுவ வண்டி இல்லை. இவர் கூடத்தில் கொஞ்ச நேரம் நடந்தார். பிறகு சமையலறையில் தண்ணீர்ச் சத்தம். எட்டிப் பார்த்தேன். பாத்திரம் துலக்குகிறார். கம்பி நாரால், என் நான்-ஸ்டிக் தவாவை, மேலும் கீழும், ஆசையாக.

வாய் வரை வந்தது. உள்ளே போகவில்லை. தவா மலை இறங்கப் போவதில்லை.

மலை இறங்கி முடிகிற இடத்தில் ஒரு பெட்ரோல் பங்க் இருக்கிறது. அங்கிருந்து அழைப்பதாகச் சொல்லியிருக்கிறாள். இன்னும் அழைப்பு வரவில்லை. பதினொரு மணிக்குள் வர வேண்டும். இப்போது பத்தே முக்கால். சமையலறையில் தேய்க்கும் சத்தம் நின்றுவிட்டது. இவரும் கடிகாரத்தைத்தான் பார்க்கிறார் போலிருக்கிறது.