என் கணவர் மேடையில் மாத்திரையை வீசிய காணொளியை நீக்கக் கோரி

அனுப்புநர்:
சாரதா திருமூர்த்தி,
(பொங்கல் விழாவுக்குச் சிரிப்பு நாடகம் எழுதுபவர், இவ்வாண்டு எழுதவில்லை)
வெஸ்ட் வின்ட்சர், நியூ ஜெர்சி.

பெறுநர்:
திரு. பத்மநாபன் அவர்கள்,
தலைவர், மில்ஸ்டோன் தமிழ் மன்றம்,
நியூ ஜெர்சி.

பொருள்: சென்ற ஆண்டு 'அமேசான் இதயம்' விழாவில் என் கணவர் தமது இரத்த அழுத்த மாத்திரைகளைக் குப்பைத்தொட்டியில் வீசிய காணொளியை நீக்குவதும், அதே மேடையில் மறுப்புச் சொல்வதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். நலம் விசாரிக்கும் வழக்கத்தை இம்மனுவில் விட்டுவிடுகிறேன். தாங்கள் நலம் என்பது மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலையில் பூங்கொத்துப் படத்தோடு தெரிந்துவிடுகிறது.

1. சென்ற மே மாதம் நம் நலவாழ்வுக் குழுவின் சார்பில் திரு. மாதவ் உரையாற்றினார். வார நாட்களில் மென்பொருள் நிறுவன மேலாளர், வார இறுதியில் நலவாழ்வு வழிகாட்டி. பொலிவியாவின் காட்டில் சிமானே என்றொரு பழங்குடி மக்கள் இருக்கிறார்கள், முதுமையிலும் அவர்களுடைய இதயக் குழாய்களில் அடைப்பு மிகக் குறைவு, மூளை மெதுவாகத்தான் சுருங்குகிறது, மறதி நோய் அரிது என்றார். அவ்வளவும் ஆய்வாளர்கள் கண்டறிந்த உண்மை. அதில் எனக்குப் புகார் இல்லை. அதைக் கேட்டுவிட்டு நாம் செய்த காரியங்களில்தான் புகார்.

2. சிமானே மக்கள் வாழைக்காயும் மரவள்ளியும் உண்கிறார்கள் என்று திரையில் காட்டப்பட்டது. நாம் இரண்டையும் தேங்காய் எண்ணெயில் பொரித்தோம். அவர்கள் ஆற்றில் பிடிக்கும் மீனுக்குப் பதிலாக, சைவ அன்பர்களை முன்னிட்டு, பாதாம் அல்வா வைத்தோம். குழந்தைகளுக்கு இணையத்தில் வாங்கிய இறகுக் கிரீடம் சூட்டினோம். அந்த இறகுகளுக்கும் பொலிவியாவுக்கும் என்ன சம்பந்தம் என்று நானும் கேட்கவில்லை. எனக்கும் ஒன்று கொடுத்தார்கள், பொருத்தமாக இருந்தது.

3. பிறகு நடைப் போட்டி. காட்டு மக்கள் நாள் முழுக்க வயலிலும் வேட்டையிலும் இருப்பதுபோல நாமும் நடக்க வேண்டுமாம். செயலாளர் திரு. நெடுஞ்செழியன் காலடி எண்ணும் தம் கைக்கடிகாரத்தை நாயின் கழுத்தில் கட்டிவிட்டு அலுவலகக் கூட்டத்தில் இருந்தார் என்பது ஊரறிந்த செய்தி. நான் மட்டும் யோக்கியமா? சோபாவில் சாய்ந்து சீரியல் பார்த்தபடி கையை ஆட்டியே பெண்கள் பிரிவில் ஆறுதல் பரிசு வாங்கினேன். இவ்வளவு வரைக்கும் சிரிப்பு நாடகம்தான். இத்தோடு நிறுத்தியிருந்தால் நானே இதை மேடையேற்றியிருப்பேன்.

4. என் கணவர் திருமூர்த்தி மட்டும் உண்மையாகவே நடந்தார். எதையும் பாதியில் விடத் தெரியாத மனிதர். ஒரு நாள் என்னிடம், "சாரு, அந்தக் காட்டுல ஒருத்தனாவது பி.பி. மாத்திரை போடறானா?" என்றார். "அந்தக் காட்டுல ஒருத்தனுக்காவது வீட்டுக் கடன் இருக்கா?" என்றேன். நல்ல பதில் என்று நினைத்துச் சிரித்தேன். அவரும் சிரித்தார். மாத்திரை நின்றுவிட்டது.

5. 'அமேசான் இதயம்' நிறைவு விழாவில் அவர் மாத்திரைக் குப்பியைக் குப்பைத்தொட்டியில் வீசினார். தொட்டியை மேடைக்குக் கொண்டுவந்து வைத்தது மன்றம். பொன்னாடை போர்த்தி "நம்ம ஊரு சிமானே!" என்று அறிவித்தது தாங்கள். யாரிடமும் இல்லாத கோபம் தங்களிடம் எனக்கு இருப்பதற்குக் காரணம் இதுதான்: கூட்டத்தில் இரண்டு மருத்துவர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் எழுந்திருக்கப் போனார். தாங்கள் கையமர்த்தி, கேள்வி நேரம் பிறகு என்றீர்கள். பிறகு சாப்பாடு வந்துவிட்டது.

6. அக்டோபரில், பிரின்ஸ்டன் ஜங்ஷன் நடைமேடையில் நியூயார்க் வண்டிக்காக நின்றவர் சரிந்து விழுந்தார். பக்கவாதம். என்ன மருந்து எடுத்துக்கொள்கிறார் என்று மருத்துவமனையில் கேட்டார்கள். பி.பி. மாத்திரை, முன்பு, என்றேன். அந்த 'முன்பு' என்ற சொல்லைக் கேட்டதும் மருத்துவர் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். வலது கை இன்னும் எழவில்லை. நாம் பேசுவதெல்லாம் அவருக்குப் புரிகிறது. சொல்ல நினைப்பதுதான் வாய்க்கு வருவதில்லை. மன்றத்திலிருந்து பழக்கூடை வந்தது. திரு. மாதவிடமிருந்து குரல் செய்தி வந்தது: "அக்கா, இது ஸ்ட்ரெஸ்னால வர்றது. நான் நிறுத்தச் சொல்லவே இல்ல. தேவையான்னு கொஸ்டின் பண்ணுங்கன்னுதான் சொன்னேன்."

7. என் மகள் ரோஷினி கல்லூரியிலிருந்து வந்து அந்த ஆய்வுக் கட்டுரைகளை உட்கார்ந்து படித்தாள். மாத்திரையை நிறுத்தலாம் என்று அவற்றில் எங்குமே இல்லை. சர்க்கரையும் கொழுப்பும் குறைந்த உணவு, வாழ்நாள் முழுக்க உடலுழைப்பு, அத்தோடு ஓயாத தொற்றுகள் என்றுதான் இருக்கிறது. படித்து முடித்துவிட்டு, "அம்மா, தே டோன்ட் ஹாவ் அ ஃபார்மசி. தட்ஸ் ஆல்," என்றாள். நம் பெரியவர்கள் நூற்றுக்கணக்கில் கூடிக் கேட்ட உரையில் யாருக்கும் தோன்றாத வாக்கியம்.

8. காணொளியை நீக்கும்படி நவம்பரிலேயே கேட்டேன். திரு. நெடுஞ்செழியன் சொன்ன பதில்: "அக்கா, நம்ம சேனல்லயே அதுக்குத்தான் டாப் வியூஸ். டெலீட் பண்ணா ஸ்பான்சர் கேப்பாங்க. வேணும்னா கீழ ஏதாவது போட்டுடறோம்." போட்டார்கள். என் கணவர் மாத்திரையை வீசும் அதே காட்சிக்குக் கீழே, "திருமூர்த்தி அண்ணன் விரைவில் குணமடைய வாழ்த்துகிறோம்." இருபது வருடமாக மன்றத்துக்கு நகைச்சுவை எழுதுகிறேன். இப்படி ஒன்று எனக்கு வந்ததில்லை.

9. இம்மனுவை இன்று எழுதக் காரணம் சென்ற வாரம் நடந்தது. பேரனைப் பார்த்துக்கொள்ளச் சென்னையிலிருந்து வந்திருக்கும் அனந்தலக்ஷ்மி ஆன்ட்டி, ரசத்தோடு என் கணவரைப் பார்க்க வந்தார். இவருக்கு எதிரிலேயே உட்கார்ந்து, "உங்காத்துக்காரர் வீடியோவைப் பார்த்துட்டுதான்டி நானும் நிறுத்தினேன். உடம்பு என்னமா லேசா இருக்கு!" என்றார். இவருடைய உடம்புக்கு வந்தது வேறு ஏதோ என்று ஆன்ட்டியிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். என் கணவர் இடது கையால் நாற்காலியை அடித்தார். முகமெல்லாம் சிவந்து, ஏதோ சொல்ல வாயைத் திறந்து திறந்து மூடினார். ஆன்ட்டி மகிழ்ந்துபோய், "பாரு, அவரும் ஆமாங்கறார்!" என்றார்.

ஆன்ட்டியின் மகனை அன்றே கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். மாத்திரை மறுபடி தொடங்கிவிட்டது. ஆனால் காணொளியைப் பார்க்கிற ஒவ்வொருவரும் ரசத்தோடு என் வீட்டுக்கு வரப்போவதில்லை. இவ்வாண்டு விழா அழைப்பிலும் அதே காட்சி ஓடுகிறது.

ஆகவே தங்களிடம் வேண்டுவது:

காணொளியை முழுவதுமாக நீக்க வேண்டும். கீழே வாழ்த்துச் சேர்ப்பது நீக்குவதாகாது.

வரும் மே விழாவில் இறகுக் கிரீடம் வேண்டாம். அந்த மக்களுக்கு அவர்கள் கவலைகள் போதும். நம்முடையதையும் அவர்கள் தலையில் சூட்ட வேண்டாம்.

மருத்துவரைக் கேட்காமல் எவரும் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று ஒலிபெருக்கியில் அறிவிக்க வேண்டும். அதைத் தாங்கள் சொல்ல வேண்டியதில்லை. என் கணவர் சொல்வதாக இருக்கிறார். பேச்சுப் பயிற்சியில் ஜனவரியிலிருந்து அந்த ஒரு வாக்கியத்தைத்தான் கேட்டு வாங்கிப் பழகுகிறார். சில நாட்களில் முழுதும் வருகிறது. சில நாட்களில் முதல் சொல்லோடு நின்றுவிடுகிறது.

அன்று எப்படி வரும் என்று தெரியாது. ஆகவே நேரம் முடிந்ததென்று மணி அடிக்க வேண்டாம் என்றும், அவர் திணறும்போது உதவுவதாக நினைத்து அந்த வாக்கியத்தை வேறு யாரும் முடித்துவைக்க வேண்டாம் என்றும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: வெஸ்ட் வின்ட்சர்
நாள்: 6 ஏப்ரல் 2025

இப்படிக்கு,
இன்று வரை மன்றத்தின் உறுப்பினர்,
சாரதா திருமூர்த்தி