ஒன்று மட்டும் கேட்கச் சொன்னீர்கள்

மதினி,

இன்று காலை பக்கத்து வீட்டில் மிளகாய் வற்றல் வறுத்தார்கள். நெடி சுவர் தாண்டி வந்து தொண்டையைப் பிடித்தது. இருமிக்கொண்டே அடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன். அண்ணன் பட்டாளத்துக்குப் புறப்பட்ட நாளில் நீங்கள் அவனுக்குப் பருப்புப்பொடி இடித்துக் கொடுத்தது நினைவுக்கு வந்தது. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை அப்போது. உங்கள் முகமெல்லாம் நனைந்திருந்தது. "ஏம்மா அழுத?" என்று அம்மா கேட்டாள். "மொளகா நெடி, அத்தை" என்றீர்கள். அம்மாவும் நம்பியதுபோல் நகர்ந்துவிட்டாள்.

அண்ணன் இருந்த சிங்கப்பூர் ஜப்பான்காரனிடம் விழுந்த செய்தி வந்தது. அண்ணனிடமிருந்து கடிதம் வருவது நின்றது. பிறகு ஒரு தந்தி. ஆளைக் காணவில்லை என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. அம்மா தெருவில் விழுந்து அழுதாள். நீங்களோ தபால்காரரைப் பார்த்து, "செத்துட்டாவன்னு போடலல்லா?" என்று கேட்டீர்கள். அவர் இல்லையென்று தலையாட்டினார். "அப்ப சரி" என்று உள்ளே போய்விட்டீர்கள். அந்தத் தைரியத்தைத் தெருவே பேசிற்று. அடுக்களைக்குள் நீங்கள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் மட்டும்தான் பார்த்தேன்.

அந்த வருஷமே என்னோடு மில்லுக்கு வந்தீர்கள். பகல் சாப்பாட்டுக்கு வெளியே வரும்போது நம் தலையிலும் புருவத்திலும் பஞ்சு படிந்திருக்கும். தூக்குவாளியைத் திறக்குமுன் கண்ணை மூடி ஜெபம் பண்ணுவீர்கள். தினமும் ஒரே ஜெபம்தான்.

"ஆண்டவரே, அவிய இருக்கிற எடத்துல ஒரு வாய்த் தண்ணி கெடைக்கட்டும்."

அவ்வளவுதான். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன். "அண்ணன் திரும்பி வரணும்னு கேக்க மாட்டீங்களா, மதினி?"

"அதக் கேக்கப் பயமா இருக்குட்டி" என்றீர்கள். "மாட்டேன்னு சொல்லிட்டார்னா நான் என்ன செய்வேன்? தண்ணின்னா இல்லன்னு சொல்ல மாட்டாரு."



ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து உங்கள் அப்பா வந்ததும் நினைவிருக்கிறது. அண்ணன் பேருக்கு ஒரு நினைவு ஆராதனை நடத்திவிட்டு உங்களைக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னார். போதகரிடமும் பேசி முடித்திருந்தார். நல்ல மனுஷர். மகள் வயசை நினைத்துத்தான் வந்தார். எங்கள் அம்மா அவருக்கு இலை போடப் போய்விட்டாள். உங்களைத் தடுக்கத் தனக்கு உரிமையில்லை என்று நினைத்திருப்பாள்.

"செத்தவுகளுக்கு ஆராதனை நடத்துவாக, அப்பா" என்றீர்கள். "உசுரோட இருக்கிறவுகளுக்கு நடத்த எந்தப் பொஸ்தகத்துல எழுதியிருக்கு?"

"எம்புட்டு நாளைக்கும்மா இப்படி?"

"தெரியலப்பா. நீங்க சாப்பிட்டுட்டுப் போங்க."

அவர் சாப்பிடவில்லை. ஆனால் போகுமுன் உங்கள் தலையில் கை வைத்து, சத்தமில்லாமல் உதடு அசைய நின்றார். அதன் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

யுத்தத்தின் கடைசி வருஷம் உங்களுக்குக் காய்ச்சல் கண்டது. கஷாயத்துக்கு அடங்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கட்டிலுக்கு நேரே ஜன்னல், ஜன்னலில் பெரிய கோபுரம். சின்ன வயதில் அதன் நிழலில் தட்டாங்கல் விளையாடியதைக் காய்ச்சல் மயக்கத்தில் சொல்லிச் சிரித்தீர்கள். ஒரு மத்தியானம் மயக்கம் தெளிந்து என் கையைப் பிடித்தீர்கள்.

"ஏட்டி, அவிய வரணும்னு இப்பக் கேக்கலாம்னு தோணுது. எனக்கு வாய் வரல. நீ கேளு."

தரையில் முழங்கால் போட்டேன். அண்ணனைக் கொண்டுவந்து சேர்க்கும்படி கேட்டேன். உங்களைப் பிழைக்கவைக்கும்படியும் கேட்டேன். நான் ஆமென் சொல்லுமுன் உங்கள் விரல் என் தோளைத் தொட்டது.

"ரெண்டும் கேக்காத. ஒண்ணு போதும். அவியள மட்டும் கேளு."

மறுபடியும் ஆரம்பித்தேன், மதினி. நீங்கள் சொன்னபடி அண்ணனை மட்டும் கேட்டேன். என் வாழ்நாளில் அதைவிடக் கனமான ஜெபத்தை நான் பண்ணியதில்லை. மறுநாள் காலை, நான் பால் வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள்.

யுத்தம் முடிந்து அண்ணன் வந்தான். ரயிலை விட்டு இறங்கியவனை எனக்கு அடையாளம் தெரியவில்லை. தோலும் எலும்புமாக ஒருவன் என் முன்னால் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டான். வீட்டு வாசலுக்கு வந்ததும் "அவ எங்க?" என்றான். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான்தான் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனேன். அங்கே அவன் அழவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வெயிலில் நின்றான்.

பிறகொரு நாள் உங்கள் தண்ணீர் ஜெபத்தை அவனிடம் சொன்னேன். "தண்ணியா?" என்றான். "ஜப்பான்காரன் எங்கள அடைச்சு வச்சிருந்த காட்டு முகாம்ல தண்ணிக்கு என்ன பஞ்சம்? மழை ஊத்து ஊத்துன்னு ஊத்தும். மருந்துதான் இல்ல." வந்ததிலிருந்து அன்றுதான் முதல் தடவையாகச் சிரித்தான். சிரிப்பு நிற்காமல் போய் அழுகையாயிற்று. அம்மா ஓடிவந்து மடியில் சாய்த்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் நீங்கள் கேட்கச் சொன்னதையும் அன்றுதான் சொன்னேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டான்: "எனக்காக அவ கேட்டா. அவளுக்காக யாரு கேட்டா?"

மறுநாள் போதகரைக் கூட்டி வந்தேன். அவர் வசனம் எதையும் எடுத்துச் சொல்லவில்லை. அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனார். அதற்காக அவர்மேல் எனக்கு மரியாதை கூடிற்று. அண்ணன் கோயிலுக்கு வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அம்மாவும் மட்டும் போகிறோம்.

போன மழைக்காலத்தில் ஒருநாள் சோறு போட்டு வைத்துவிட்டுத் திரும்பினேன். அண்ணன் தட்டில் கை வைக்காமல் கண்ணை மூடியிருந்தான். உதடு அசைந்தது. கண் திறந்ததும், "என்னண்ணே கேட்ட?" என்றேன்.

"ஒண்ணும் கேக்கல" என்றான். சோற்றைப் பிசைந்துகொண்டே, "அவளுக்கு அங்க ஏதும் வேணுமான்னு விசாரிச்சேன்" என்றான்.

 குழம்பை ஊற்றினேன். உங்களுக்காக யார் கேட்டார்கள் என்று அன்று அவன் கேட்டதற்கு இன்றும் எனக்குப் பதில் தெரியவில்லை, மதினி. அந்தக் கேள்வியோடேதான் தினமும் முழங்கால் போடுகிறேன். எழுந்திருக்கும்போதும் அது என்னோடேதான் எழுந்து வருகிறது.