உள்துணியில் தோல் ஒட்டு

14.11.1991, வியாழன். கோலியர்ஸ் வுட்.

தையல்காரர் செல்வத்திடம் கொடுத்திருந்த கறுப்புக் கோட்டை இன்று மாலை எடுக்கப் போனேன். போட்டுப் பார்த்தால், வலது இடுப்பருகே உள்துணியில் மெல்லிய தோல் ஒட்டு.

"இது என்ரை இல்லை."

"மாறிப்போச்சு அண்ணை. எங்கட ஆக்கள் எல்லாரும் ஒரே சந்தையில ஒரே கோட்டு வாங்கினா நான் என்ன செய்யிறது? இது ஒரு தம்பியின்ரை. இடுப்பில கொளுவிற பூட்டுத் திறப்புக்கோர்வை உரசி உள்துணி கிழியுதாம்."

இந்த நாட்டுக்கு வருமுன், யாழ்ப்பாணத்தில் பத்திரிகைக்குச் செய்தி சேகரித்த நாட்களில், இடுப்பருகே இப்படிக் கிழிந்த உடுப்புகளைப் பார்த்திருக்கிறேன். யோசிக்காமல் சொன்னேன்: "திறப்பு இப்பிடிக் கிழிக்காது. இடுப்பில இருந்து உருவேக்க பிஸ்டல் நுனியில குறிபாக்கிற முளைதான் துணியில கொளுவும். தோல் வைச்சா வழுக்கிக்கொண்டு வரும்."

செல்வம் உடை மாற்றும் திரையைப் பார்த்தார். திரை விலகியது. என் கோட்டைப் போட்டுக்கொண்டு ஓர் இளைஞன் வெளியே வந்தான். முன்பின் பார்த்த முகமில்லை. சிரித்தபடி கழற்றித் தந்தான். அதில் இன்னும் சூடு இருந்தது.

"நீங்கள் எழுதுறதெல்லாம் வாசிக்கிறனான் ஐயா," என்றான். தன் கோட்டைப் போட்டு, தோல் இருந்த இடத்தை ஒருமுறை தடவிக்கொண்டான். "இருட்டில பாத்துப் போங்கோ. உங்கட வாசல் லைற்றும் எரியிறேல்லை."

அது அணைந்தது நேற்று இரவு. நான் யாரிடமும் சொல்லவில்லை.