மாஸ்க்கும் மீசையும்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நீ பீரோவைக் காலி செய்துகொண்டு, பாப்பாவோடு திருநின்றவூர் அக்கா வீட்டுக்குப் போன பிறகு டாக்டரைப் பார்த்தேன். தூக்கத்தில் எனக்கு மூச்சு நின்று நின்று வருகிறதாம். ராத்திரி மாஸ்க் மாட்டிக்கொண்டு படுத்தால் காற்றை உள்ளே தள்ளுகிற ஒரு மெஷின் எழுதிக் கொடுத்தார். குறட்டையும் நின்றுவிடும் என்றார்.

மாஸ்க் பார்ப்பதுதான் பேஜாராகிவிட்டது. மூக்கை மட்டும் மூடுவதைப் போட்டால் வாய் வழியாகக் காற்று போகிறது. வாயையும் சேர்த்து மூடுவது மெத்தென்று இருந்தது, ஆனால் மீசையோரம் கசிந்தது. "மீசைய எடுத்துட்டீங்கன்னா கரெக்டா ஒக்காரும் சார்," என்றாள் கடைப் பெண்.

எடுத்துவிட்டேன். பாப்பாவிடம் சொல்லி வை, திடீரென்று பார்த்தால் பயந்துவிடுவாள்.

இப்போது நன்றாகத் தூங்குகிறேன். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

இன்று ஷிப்டுக்குப் போகும் வழியில் புதுவாயல் டீக்கடையில் நின்றேன். கடைக்காரர் மீசையில்லாத என் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். "இன்னாண்ணே, ஊட்ல யாருனா பூட்டாங்களா?"

மாஸ்க்கைப் பற்றிச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஆமாம்பா" என்று வந்துவிட்டது.

யார் என்று அவர் கேட்கவில்லை. டீக்குக் காசும் வாங்கவில்லை.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா